ரோம்ல சின்னச் சாப்பாட்டுக் கடை, ஆறு தோழிகள், ஆளுக்கொரு கட்டுப்பாடு: எப்படி ஆர்டர் பண்றது?

கோவைக்காரி:

ஒரு உதவி வேணுமுங்க. மார்ச் கடைசி வாரத்துல ரோம் போறோம். கோயமுத்தூர்ல ஒரே ஹாஸ்டல்ல இருந்த ஆறு பேரு. இப்ப ஒருத்தி சூரிச், ஒருத்தி லண்டன், மத்தவங்க சென்னை, கோவைன்னு சிதறிக் கிடக்கறோம். வீட்டுக்காரர், குழந்தைங்க யாரும் வரலைங்க. பகல்ல அவங்கவங்க இஷ்டத்துக்குச் சுத்தலாம், வியாழக்கிழமை ராத்திரி மட்டும் எல்லாரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடணும்னு முடிவு.

பெரிய ஓட்டல் வேண்டாம். கொலோசியம் பக்கத்துல படம் போட்ட மெனுவைக் கையில வெச்சுக்கிட்டுக் கூப்பிடற கடையும் வேண்டாம். த்ராத்தோரியான்னு சொல்றாங்களே, பத்துப் பன்னெண்டு மேசை போட்டு ஒரு குடும்பமே நடத்தற மாதிரி, அப்படி ஒரு இடம். சூரிச்காரி தெஸ்தாச்சோங்கற ஏரியாவுல ஒண்ணு பாத்து வெச்சு, மெனுவையும் அனுப்பிட்டா. அதைப் பாத்த பிறகுதான் குழப்பமே.

எங்கள்ல ஒருத்தி சுத்த சைவம். முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. ஒருத்தி முஸ்லிம், பன்னியும் மதுவும் ஆகாது, ஹலால் இல்லாத கறி தொட மாட்டா, மீன் சாப்பிடுவா. எனக்கு மாட்டுக்கறி, பன்னிக்கறி பழக்கமில்லைங்க. இன்னொருத்திக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காரு. மீதி ரெண்டு பேரு எதை வெச்சாலும் சாப்பிடுவாங்க. அதுலயும் லண்டன்காரி, அந்தக் கடையில குடலு, வாலு எல்லாம் உண்டுன்னு கேட்டதுல இருந்து ஒரே ஆட்டம்.

மெனுவுல அந்திபாஸ்தி (முதல்ல வர்ற சின்னத் தீனி), ப்ரீமி (பாஸ்தா வகை), செகொந்தி (கறி, மீன்), கொந்தோர்னி (காய், கீரை)ன்னு நாலஞ்சு தலைப்பு. ஒவ்வொண்ணுலயும் ஆளுக்கு ஒண்ணு வாங்கியே ஆகணுமா? நம்ம ஊர்ல மாதிரி எல்லாத்தையும் நடுவுல வெச்சுப் பங்கு போட்டா முறைப்பாங்களா? சைவக்காரிக்கு நம்பி என்ன சொல்றது? போயிட்டு வந்தவங்க, அங்கயே இருக்கறவங்க யாராச்சும் விவரமாச் சொல்லுங்க. கடை பேரு வேண்டாம், அது முடிவாயிருச்சு. எப்படிச் சாப்பிடறதுன்னுதான் தெரியணும்.

தயிர்சாத டப்பா:

சைவக்காரிக்குப் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். மத்தவங்களுக்கு ஆண்டவன் விட்ட வழி.

சும்மா சொன்னேன். ஆளுக்கு ஒரு பிட்சான்னு முடிச்சிடலாம்னு நினைச்சா, அதுவும் சிக்கல். ரோம்ல நிறைய த்ராத்தோரியாவில் பிட்சாவே போடறதில்ல, அதுக்குத் தனிக் கடை. உங்க மெனுவுல இருக்கான்னு முதல்ல பாருங்க.

உப்புக்காற்று:

அக்கா, நான் தூத்துக்குடிக்காரன். ரோம்லதான் இருக்கேன், ஒரு சின்னக் கடை அடுக்களையில வேலை. பாத்திரம் கழுவுததுல ஆரம்பிச்சு இப்ப பாஸ்தா அடுப்புல நிக்கேன். சாப்பிட்டவங்க சொல்லுத யோசனை உங்களுக்கு நிறையக் கிடைக்கும். நான் அடுப்புப் பக்கம் நின்னு சொல்லுதேன்.

முதல் விஷயம், ஆறு பேரும் ஆறு பாஸ்தா சொல்லாதீங்க. இதை மட்டும் கேட்டாலே பாதி ராத்திரி நல்லபடியாப் போயிரும். சின்னக் கடை அடுக்களையில ரெண்டு பேரு, மிஞ்சினா மூணு பேருதான். பாஸ்தாவை வேகவெச்சு அப்படியே தட்டுல கொட்டிரதில்ல. கொஞ்சம் முன்னாடியே எடுத்து, சட்டியில சாறோட சேத்துப் புரட்டித்தான் முடிக்கணும். ஒரு சட்டியில மூணு நாலு பேருக்கு ஒண்ணாப் புரட்டலாம். ஆறு வகைன்னா ஆறு சட்டி. ரிகாத்தோனி வேக பன்னெண்டு நிமிஷம் போல ஆகும், ஸ்பகெத்தி ஒம்பது பத்து, பச்சை மாவுல செஞ்ச தொன்னரெல்லி மூணு நாலு நிமிஷத்துல வெந்துரும். எல்லாத் தட்டும் ஒரே நேரத்துல மேசைக்கு வரணும்ங்கது இங்க வழக்கம். அப்போ ஒண்ணு பிந்திச்சுன்னா மீதி அஞ்சும் காத்துக் கெடந்து ஆறும். மேசையில உக்காந்திருக்கவங்க "என்ன இவ்வளவு நேரம்"ம்பாங்க, உள்ள நாங்க வேர்த்துக்கிட்டு நிப்போம். அதனால ஆறு பேரும் கூடிப் பேசி ரெண்டே வகை எடுங்க. மூணு தட்டு இது, மூணு தட்டு அது.

எது அந்த ரெண்டுன்னும் சொல்லுதேன். உங்க மெனுவுல ரோம் ஊர் பாஸ்தா நாலு இருக்கும்: காச்சோ எ பேப்பே, கிரிச்சா, கார்போனாரா, அமத்ரிச்சானா. பின்னாடி உள்ள மூணுலயும் குவான்சாலே உண்டு. பன்னித் தாடைக்கறியை உப்பும் மிளகும் தடவிப் பதம் பண்ணுனது. அதை எடுத்துட்டுப் போடுங்கன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. அந்தக் கொழுப்பு உருகி வாரதுதான் அந்தத் தட்டோட ருசியே. அதை எடுத்தா மிஞ்சுதது பேரு மட்டும்தான். ஆக உங்க கூட்டத்துக்கு நாலுல ஒண்ணுதான்: காச்சோ எ பேப்பே. பெக்கொரினோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணி, அவ்வளவுதான். வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல, மது இல்ல, பன்னி இல்ல. சைவக்காரிக்கும் முஸ்லிம் தோழிக்கும் ஒரே தட்டு.

ஆனா அதுலயும் மூணு இடத்துல கவனிக்கணும்.

ஒண்ணு, மெனுவுல 'தொன்னரெல்லி காச்சோ எ பேப்பே'ன்னு போட்டிருக்கும். தொன்னரெல்லி பெரும்பாலும் முட்டை சேத்த மாவு. அதுக்குப் பதிலா ஸ்பகெத்தியில போடச் சொல்லுங்க. காய்ஞ்ச ஸ்பகெத்தி வெறும் கோதுமை ரவையும் தண்ணியும்தான். கெட்டிக் கோதுமையிலதான் செய்யணும்னு 1967-லயே இங்க சட்டம் போட்டுட்டாங்க. ஆனா முட்டை பாஸ்தா வெந்த அதே தண்ணியிலதான் ஸ்பகெத்தியும் வேகும். அதுவும் ஆகாதுன்னா போன்ல முன்கூட்டியே சொல்லிருங்க, தனிப் பாத்திரத்துல வேகவைப்பாங்க. கூட்டம் முட்டுத நேரத்துல வந்து சொன்னா, தலையை ஆட்டிட்டு அதே தண்ணியிலதான் போடுவாங்க. ஒளிக்காமச் சொல்லுதேன்.

ரெண்டு, பெக்கொரினோ ரொமானோ சீஸ். பாலை உறைய வைக்க ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுத்த பொருளைச் சேக்காங்க. அந்தப் பேருல விக்கணும்னா அப்படித்தான் செய்யணும்ங்கது விதி. பார்மிஜானோ சீஸும் அப்படியே, அங்க கன்னுக்குட்டி. இந்த ஊர்ல இதையெல்லாம் சைவம்னுதான் நினைக்காங்க. உங்க தோழிக்கு இது தெரியுமா, தெரிஞ்சா சாப்பிடுவாங்களான்னு ஊர்லயே பேசி முடிச்சிருங்க. ஆகாதுன்னா தக்காளியும் துளசி மாதிரி வாசம் அடிக்குத பசீலிக்கோ இலையும் மட்டும் போட்டு, பூண்டு இல்லாம, சீஸ் தூவாம ஒரு ஸ்பகெத்தி. அது உடனே சட்டியில செய்யுத சாறு, அதனால நடக்கும். காலையிலயே பெரிய பானையில காச்சி வெச்ச தக்காளிச் சாறுன்னா அதுல வெங்காயம் எப்பவோ விழுந்திருக்கும்.

மூணு, உப்பு. பெக்கொரினோ சரியான உப்புச் சீஸ். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன அக்காவுக்கு இந்தத் தட்டு வேண்டாம். பக்கலான்னு ஒரு மீன் வரும், உப்புல போட்ட காட் மீனு. ஊறவெச்சு உப்பெடுத்துத்தான் செய்வாங்க, ஆனாலும் அவங்களுக்கு அதுவும் வேண்டாம்.

இப்ப உங்க அதிர்ஷ்டத்தைப் பாருங்க, நீங்க போறது வியாழக்கிழமை. ரோம்ல வியாழன்னா ஞோக்கி, வெள்ளின்னா மீன், சனின்னா குடல். ரொம்ப நாளா உள்ள வழக்கம், தெஸ்தாச்சோ மாதிரி ஏரியாவுல இன்னும் விடாம நடக்குது. ஞோக்கின்னா உருளைக்கிழங்கு மாவு உருண்டை. கறிச் சாறுலயும் போடுவாங்க, அதனால 'அல் பொமொதோரோ'ன்னு தக்காளிச் சாறு கேளுங்க, மேல சீஸ் தூவாமக் கேளுங்க. ரெண்டாவது வகையா அதை வெச்சுக்கிடுங்க. உப்புக்காரங்களுக்கும் உங்களுக்கும் லண்டன்காரங்களுக்கும் ஞோக்கி. மத்த மூணு பேருக்கும் ஸ்பகெத்தி. முடிஞ்சது கணக்கு.

காச்சோ எ பேப்பே வந்த உடனே சாப்பிட்டிரணும். மேசையில யாராவது ஒருத்தர், யவனர் பொன்னோட வந்து முசிறியில மிளகு வாங்கிட்டுப் போன கதையை ஆரம்பிப்பாங்க. நம்ம ஆளுங்க கூடுன இடத்துல அது வராம இருக்காது. அதை அந்திபாஸ்தோ நேரத்துலயே பேசி முடிச்சிருங்க. தட்டு வந்து மூணு நிமிஷம் ஆச்சுன்னா சீஸ் இறுகிப்போகும். படம் எடுக்கதும் அப்படித்தான். ஒண்ணு எடுத்தாப் போதும்.

அந்திபாஸ்தி நடுவுல வெச்சுப் பங்கு போடலாம், யாரும் முறைக்க மாட்டாங்க. இங்கயும் அப்படித்தான். மார்ச்சுல வாரீங்க, கார்ச்சோஃபி சீசன். தாமரை மொட்டு மாதிரி இருக்குத ஒரு காய். ரெண்டு விதமாச் செய்வாங்க. 'அல்லா ரொமானா' பூண்டும் புதினா வகை இலையும் வெச்சு வேகவைக்கது. 'அல்லா ஜூதியா' முழுசா எண்ணெய்ல பொரிச்சு உப்புப் போடுதது, இதழெல்லாம் மொறுமொறுன்னு விரிஞ்சு நிக்கும். ரெண்டாவதுல பூண்டு இல்ல, ஆறு பேரும் தொடலாம், உப்பைத் தனியாக் கேட்டு வாங்கிக்கிடுங்க. மெனுவுல புந்தரெல்லேன்னு ஒரு கீரை இருந்தா, பச்சையாத்தானே இருக்குன்னு சைவக்காரங்க கை வெச்சிரப்படாது. அதுல நெத்திலி அரைச்சு ஊத்தியிருக்கும். பூசணிப்பூ பொரியலுக்குள்ளயும் நெத்திலி உண்டு. சுப்ளின்னு சோத்து உருண்டை வரும், அந்தச் சோறு பல கடையில கறிச் சாறுல வெந்தது. சைவக்காரங்களுக்கு சிக்கோரியா கீரை 'அல்லாக்ரோ'ன்னு கேளுங்க, வேகவெச்சு எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவாங்க. 'ரிபஸ்ஸாத்தா'ன்னா பூண்டு, மிளகாய் போட்டு வதக்குனது, அது உங்களுக்கு.

மெனு அடியில ஒவ்வாமை நம்பர் போட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 14 பொருள். முட்டை, மீன், பால், கோதுமை எல்லாம் அதுல வரும். பன்னி, வெங்காயம், பூண்டு மூணும் அதுல கிடையாது. ஆக அந்தப் பட்டியலை நம்பி உக்காராதீங்க, வாய் விட்டுக் கேளுங்க.

லண்டன்காரங்களுக்கு ஒரு வார்த்தை. தெஸ்தாச்சோவுலதான் ஊரோட பெரிய கசாப்புக் கூடம் இருந்துச்சு. 1975-ல மூடிட்டாங்க. நல்ல கறியெல்லாம் பெரிய வீட்டுக்குப் போக, வாலு, குடலு, ஈரலு கூடத்துல வேலை பாத்தவங்க வீட்டுக்கு வரும். அந்த அடுக்களையில இருந்து வந்ததுதான் இந்தச் சமையல். கோதா அல்லா வாச்சினாரா, மாட்டு வாலை தக்காளி, மதுவோட மணிக்கணக்கா வேகவெச்சு, செலரித் தண்டு அள்ளிப் போட்டது. சில கடையில கசப்புக் கோகோவும் கொஞ்சம் சேப்பாங்க. ஒரு தட்டுச் சொல்லி, எது வெச்சாலும் சாப்பிடுத ரெண்டு பேரும் பிரிச்சுக்கிடட்டும். ஞோக்கிக்கு மேல ஒரு முழுத் தட்டு தாங்காது.

கோவைக்காரி:

அய்யோ தம்பி, நீங்க மகராசனா இருக்கோணும். அப்படியே பிரிண்ட் எடுத்து வெச்சுக்கறேன். சீஸ் விஷயத்தைச் சைவக்காரிக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதிலே இல்ல. அப்பறம் "இத்தனை வருஷமா சூரிச்ல நான் தின்னது?"ன்னு ஒரே ஒரு மெசேஜ். ஆமாங்க, சூரிச்காரியேதான் சைவக்காரி. தக்காளி ஸ்பகெத்தின்னு முடிவாயிருச்சு.

இன்னும் மூணு சந்தேகம். எத்தனை மணிக்குப் போறது? ஒயின் குடிக்கறவங்க மூணு பேரு, குடிக்காதவங்க மூணு பேரு, பில்லை எப்படிப் பிரிக்கறது? டிப்ஸ் எவ்வளவு வெக்கோணும்? அப்பறம் ஸ்வீட்டு பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலியே.

ஆம்பூர்வாசி:

சகோதரி, உங்கள் முஸ்லிம் தோழிக்காக எழுதுகிறேன். நான் தோல் வியாபாரம். மிலானில் நடக்கும் தோல் கண்காட்சிக்கும், தொஸ்கானாவில் சாந்தா க்ரோச்சே என்ற தோல் பதனிடும் ஊருக்கும் போய் வருகிறவன். வியாபாரிகள் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போவதெல்லாம் இப்படிப்பட்ட சின்னக் கடைகளுக்குத்தான்.

அனுபவத்தில் சொல்வது: "பன்றி வேண்டாம்" என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். "மது வேண்டாம்" என்றால் குடிக்க வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைப்பார்கள். சமையலில் ஊற்றும் ஒயின் அவர்கள் கணக்கில் மதுவே இல்லை. மீனுக்கும் ஊற்றுவார்கள், கறிக்கும் ஊற்றுவார்கள். ஆகவே "சமைக்கும்போதும் ஒயின் ஊற்றக் கூடாது" என்று தனியாகச் சொல்ல வேண்டும். இனிப்பில் திராமிசு கேட்டால் ரம் அல்லது மார்சாலா ஒயின் சேர்த்திருக்கிறதா என்று விசாரியுங்கள். பன்னா கோத்தா பார்க்க வெறும் பால் போல இருக்கும், ஆனால் அதை உறைய வைப்பது ஜெலட்டின். அது பன்றியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். உங்கள் சைவத் தோழிக்கும் அது ஆகாது.

ஒரு யோசனை. ரோமில் யூதர்களின் பழைய குடியிருப்பு ஒன்று உண்டு. 1555-இல் போப்பாண்டவர் நாலாம் பவுல் அவர்களை அங்கே அடைத்து வைத்த இடம். இன்று அந்தத் தெருவில் கோஷர் உணவகங்கள், அதாவது யூத மத விதிப்படி சமைக்கும் கடைகள், வரிசையாக இருக்கின்றன. அங்கே பன்றி கிடையாது. பால் உணவு, கறி உணவு இரண்டையும் கலக்க மாட்டார்கள் என்பதால், பால் வகை மட்டும் பரிமாறும் கடையில் கறி என்பதே இருக்காது, மீனும் காயும்தான். தம்பி சொன்ன அந்தப் பொரித்த கார்ச்சோஃபி அவர்கள் சமையலில் பிறந்ததுதான். இன்னொரு வேளை எல்லோரும் சேர்ந்து சாப்பிட நினைத்தால் அங்கே போங்கள். வெள்ளி இரவும் சனி பகலும் மூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பலெர்மோத் தமிழன்:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப சிசிலியில பலெர்மோவில இருக்கிறன். இஞ்ச எங்கட சனம் கனபேர். நீங்கள் ரோமோட நிக்கப் போறியள் எண்டு விளங்குது, எண்டாலும் ஒரு விசயம் சொல்லாமல் போக மனமில்லை.

அந்தச் சைவக்கார அக்காவுக்கு ரோமை விட இஞ்சத்தைய சாப்பாடு சுகம். கடலை மாவைக் காய்ச்சி, ஆறவிட்டு, மெல்லிசா வெட்டிப் பொரிக்கிறது, பனெல்லே எண்டு சொல்லுவினம். பல்லாரோச் சந்தையில சுடச்சுட வாங்கலாம். முட்டை இல்லை, வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. பார்ஸ்லி இலை கொஞ்சம் போடுவினம், அவ்வளவுதான். பிறகு கத்தரிக்காய்! பொரிச்ச கத்தரிக்காய் போட்ட பாஸ்தா, கத்தரிக்காய்க் கபொனாத்தா, எங்கை திரும்பினாலும் கத்தரிக்காய்தான். கபொனாத்தாவில வெங்காயம் இருக்கும்.

மீன் சாப்பிடுற ஆக்களுக்கு 'பாஸ்தா கொன் லெ சார்தே'. சாளை மீன், காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, முந்திரிகை வத்தல் (உலர்ந்த திராட்சை), பைன் கொட்டை போட்டுச் செய்யிறது. முதல் தரம் சாப்பிடேக்க மீனுக்க என்னடா இனிப்பு எண்டு யோசிச்சனான். இப்ப அம்மாவே வீட்டில செய்யிறா, ஆனா அவ செத்தல் மிளகாயும் சேர்த்துத்தான் செய்வா. இஞ்சத்தைய ஆக்களுக்கு அதைக் காட்டுறேல்லை.

உப்புக்காற்று அண்ணை, நீங்கள் சொன்னது சரி. ரெண்டு வகைக்கு மேல போகக் கூடாது. நான் மேசைக்குப் பரிமாறுற வேலை. ஆறு பேர் ஆளுக்கொரு மாற்றம் சொல்ல, அதைத் துண்டில எழுதிக் குசினிக்குள்ள கொண்டுபோய்க் குடுக்கிறது ஆர்? பேச்சு முழுக்க எங்களுக்குத்தான் விழும்.

உப்புக்காற்று:

பலெர்மோத் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. அந்தத் துண்டைக் கொண்டு வாரவனை நாங்க பாக்குத பார்வை இருக்கே!

அக்கா கேட்ட நேரத்துக்கு வாரேன். இங்க ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கடை ஏழரை போலத் திறக்கும், ஊர்க்காரங்க எட்டரை, ஒம்பதுக்குத்தான் வருவாங்க. சின்னக் கடையில ராத்திரிக்கு ரெண்டு பந்தி வைப்பாங்க, ஏழரைக்கு ஒண்ணு, ஒம்பதரை போல இன்னொண்ணு. முதல் பந்தியில உக்காந்தா ஒம்பதேகாலுக்கே கண்ணால எழுப்பிருவாங்க. நீங்க பழைய கதை பேச வாரீங்க. ரெண்டாவது பந்தியை எடுங்க. அதுக்கு அப்புறம் அந்த மேசைக்கு ஆள் கிடையாது, நாற்காலியைத் தூக்கி மேசை மேல கவுக்குத வரைக்கும் உக்காரலாம். பசிக்கும்னா ஆறு மணிக்கு ஏதாவது கடிச்சுக்கிடுங்க. அடுக்களையிலயும் ரெண்டாவது பந்தி நேரம் கொஞ்சம் மூச்சு விடுவோம், நீங்க சொல்லுத மாத்தத்தை எல்லாம் காதுல வாங்குவோம்.

பில்லு நீங்க கேக்காம வரவே வராது. கண்டுக்கிடலன்னு நினைக்காதீங்க, கேக்காம நீட்டுனா போங்கன்னு சொல்லுத மாதிரி ஆயிரும். 'இல் கொந்தோ'ன்னு கேளுங்க. ஆளுக்கொரு பில்லு போடச் சொன்னா முகம் சுருங்கும். மொத்தத்தையும் ஆறாப் பிரிக்கதுதான் இங்க வழக்கம். ஒயினை மட்டும் தனியாக் கழிச்சு, குடிச்ச மூணு பேரு போட்டுக்கிடுங்க, அது உங்களுக்குள்ள உள்ள கணக்கு. கடை ஒயின் குப்பியில வராது, கால் லிட்டர், அரை லிட்டர், ஒரு லிட்டர் கூஜாவுல வரும். மூணு பேருக்கு அரை லிட்டர்ல ஆரம்பிங்க. வேணும்னா இன்னொண்ணு கேட்டுக்கிடலாம்.

தலைக்கு இவ்வளவுன்னு 'கோபெர்த்தோ' ஒண்ணு இத்தாலி பூரா பில்லுல வரும், மேசை விரிப்பு, ரொட்டிக்குன்னு. ரோம் இருக்குத லாட்சியோவுல 2006-ல சட்டம் போட்டு அதை நிறுத்திட்டாங்க. அதனால இங்க 'பானே'ன்னு ரொட்டிக்குப் போடுவாங்க, தலைக்கு ஒரு யூரோ, ரெண்டு யூரோ. ரொட்டி வேண்டாம்னு வந்த உடனேயே திருப்பி அனுப்புனா அதைக் கேக்க முடியாது. ஆனா அனுப்பாதீங்க. தட்டுல மிஞ்சுத தக்காளிச் சாறை ரொட்டியால வழிச்சுத் தின்னாத்தான் அடுக்களையில நிக்கவனுக்குத் திருப்தி. டிப்ஸ் கட்டாயம் இல்ல. மனசிருந்தா மேசைக்கு அஞ்சு யூரோ வெச்சிட்டுப் போங்க. கார்டுல ஏத்தாம சில்லறையா வெச்சா நேரா பையன் கைக்குப் போகும்.

ஸ்வீட்டுக்கு ஆம்பூர் பாய் சொன்னதே போதும். திராமிசுல பச்சை முட்டை, அதனால சைவக்காரங்களுக்கு அதுவும் இல்ல. அவங்களுக்கு அந்த மாசத்துல பழம்தான் கிடைக்கும், சிசிலி ரத்த ஆரஞ்சு நல்லா இருக்கும். இல்லன்னா எல்லாரும் ஸ்வீட்டைக் கடையில சொல்லாம, எந்திரிச்சுப் போய்த் தெருவுல ஜெலாத்தோ ஐஸ்கிரீம் வாங்கிக்கிடுங்க. பாலும் முட்டையும் இல்லாத பழ வகை அங்க உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்கு மேல கப்புச்சினோ கேட்டா யாரும் திட்ட மாட்டாங்க, சிரிச்சுக்கிட்டே கொடுப்பாங்க. நான் கேக்க மாட்டேன்.

போன்ல இப்படிச் சொல்லுங்க. காலை பதினொண்ணு, பன்னெண்டுக்குள்ள கூப்பிடுங்க, அதுக்கு மேல மதியக் கூட்டம் வந்திரும்.

"போன்ஜோர்னோ, வொர்ரேய் ப்ரெநொத்தாரே உன் தாவொலோ பெர் செய், ஜொவெதி சேரா, அல்லே நோவே எ மெட்ஸா." ஆறு பேருக்கு வியாழன் ராத்திரி ஒம்பதரைக்கு மேசைன்னு அர்த்தம்.

அப்புறம் "உனா வெஜெதாரியானா, சேன்ஸா உவோவா, சேன்ஸா ஆல்யோ, சேன்ஸா சிபொல்லா." சைவம், முட்டை, பூண்டு, வெங்காயம் இல்லாம. முஸ்லிம் தோழிக்கு "சேன்ஸா மயாலே, சேன்ஸா வீனோ நெல்லா குச்சீனா." பன்னி இல்ல, சமையல்ல ஒயின் இல்ல. அந்தப் பக்கம் இங்கிலீஷ் வந்தா இங்கிலீஷ்லயே பேசுங்க, ஆனா இந்த ரெண்டு வரியை மட்டும் இத்தாலியன்லயே சொல்லி, அவங்களைத் திருப்பிச் சொல்ல வையுங்க.

கோவைக்காரி:

சொல்லிப் பாத்தேங்க, நாக்கு சுளுக்கிக்கிச்சு. சூரிச்காரியவே பேச வெச்சிடறேன், அவளுக்குக் கொஞ்சம் வரும். ஒம்பதரைன்னா டிராஃபிக்ல பத்து நிமிஷம் பிந்தினா என்ன ஆகும்?

உப்புக்காற்று:

பத்து நிமிஷம்னா ஒண்ணும் ஆகாது. கால் மணி நேரத்துக்கு மேலன்னா ஒரு போன் போட்டிருங்க, இல்லன்னா வாசல்ல நிக்கவங்களுக்கு மேசையைக் கொடுத்திருவாங்க. பத்தரைக்கு மேல அடுக்களை மூடத் தொடங்கிருவோம், அதனால வாலு, ஞோக்கி எல்லாத்தையும் உக்காந்த உடனேயே ஒரே தடவையாச் சொல்லிருங்க.

தயிர்சாத டப்பா:

புளிக்காய்ச்சலும் ஒரு ஓரமா இருக்கட்டும்.

உப்புக்காற்று:

கடைக்குள்ள திறக்காதீங்க அக்கா. வேணும்னா எனக்குக் கொண்டு வாங்க.